கோடியில் மிஞ்சிய ஒன்று

என் மச்சாள் ஞானாம்பிகைக்குக் கோடி என்றால் எவ்வளவு என்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நேர்த்தியை வைத்திருக்கவே மாட்டாள் என்று என் கணவர் சொல்வார். தெரிந்திருந்தாலும் வைத்திருப்பாள் என்று நான் சொல்வேன். அவர் அவளுடைய சொந்தத் தம்பிதான். ஆனாலும் அவளோடு ஒரே அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்தவள் நான். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது.

நேர்த்தி வைத்தது 1914ஆம் ஆண்டில். நான் அப்போது பினாங்குக்கு வந்திருக்கவில்லை. இதெல்லாம் பிறகு கேட்டது. டத்தோ கிராமாட் சாலையின் வரிசை வீடுகளில் ஒன்றில் மச்சாளும் அவள் கணவர் அப்புத்துரை அண்ணரும் இரண்டு வயது மகள் அருந்ததியும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிளாக்கர் வேலைக்கு வந்த குடும்பம். குழந்தைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து இருபத்தொரு நாள் அது கண் திறக்கவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். மச்சாள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிள்ளை பிழைத்தால் ‘சிவ’ என்று ஒரு கோடி தரம் எழுதுவேன், அவள் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் எழுதி முடிப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பிள்ளை தண்ணீர் கேட்டது.

அப்புத்துரை அண்ணருக்கு நில அளவைக் கந்தோரில் வேலை. அளவையாளர்கள் காட்டிலும் மேட்டிலும் சங்கிலி பிடித்துக் கொண்டுவரும் அளவுகளைப் பெருக்கி, வகுத்து, நிலத்தின் பரப்பைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவருடைய பொறுப்பு. அந்தக் கந்தோரில் ஒரு வழக்கம் இருந்தது. மூன்று கிளாக்கர்கள் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் ஒரே கணக்கைப் போடுவார்கள். மூன்று விடையும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனால்தான் கோப்பில் ஏறும். ஒன்று பிசகினாலும் மூன்று பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி ஒரு வேலையை வருடக் கணக்காகச் செய்த மனிதர் வீட்டுக்கு வந்த பிறகும் எப்படி இருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் பாதியாக உடையாவிட்டால் முகம் சுளிப்பார்.

பிள்ளை கஞ்சி குடிக்கத் தொடங்கிய அன்று அவர் மனைவியைக் கேட்டாராம்:

“கோடி எவ்வளவெண்டு தெரியுமோ உமக்கு?”

“தெரியாது. நிறைய.”

“நாளுக்கு நூறு எழுதினால் இருநூற்று எழுபத்து மூண்டு வருசமும் சொச்சமும் வேணும்.”

“அப்ப நூறு காணாது.”

நாளுக்கு ஆயிரத்தைந்நூறு என்றால் பதினெட்டேகால் வருடத்தில் முடியும் என்று அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அவள் சரி என்றாள். அத்தோடு அவர் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு எண் கையில் கிடைத்தால் அதைப் பிரித்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கோடிக்குள்ளே ஏழு இரண்டும் ஏழு ஐந்தும்தான் இருக்கின்றன, அவற்றைப் பெருக்கினால் கோடி, வேறொன்றும் அதற்குள் கிடையாது என்றார். அதனால் அதை அறுபத்து நான்கு விதமாக மீதமில்லாமல் பங்கு போடலாம், நான்கு பேர் எழுதலாம், ஐந்து பேர் எழுதலாம், எட்டுப் பேர் எழுதலாம், ஆனால் மூன்று பேரால் சமமாக எழுதவே முடியாது என்றார்.

“ஆர் இப்ப பங்கு கேட்டது?” என்று கேட்டுவிட்டு மச்சாள் குளிக்கப் போய்விட்டாள்.

நான் கல்யாணமாகி 1919இல் இரண்டு வீடு தள்ளிக் குடிவந்தபோது அவள் இருபத்தைந்து லட்சம் தாண்டியிருந்தாள். விடியக் குளித்து, திருநீறு பூசி, உலை வைப்பதற்கு முன்னால் எழுத உட்காருவாள். கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. பக்கத்துக்கு முப்பது வரி, வரிக்குப் பத்து ‘சிவ’. ஐந்து பக்கம் ஆனதும் எழுந்துவிடுவாள். கொப்பியின் உள் அட்டையில் அன்றைய தொகையைக் குறித்து வைப்பாள். சுகமில்லாத நாளில் விட்டதை அடுத்த நாட்களில் சேர்த்து எழுதுவாள். நிரம்பிய கொப்பிகள் இரும்புப் பெட்டிக்குள் போகும். ஒரு பெட்டி இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, கடைசியில் அருந்ததியின் கட்டிலுக்கு அடியில் காலை நீட்டக்கூட இடமில்லாமல் போனது.

மிகுந்த பக்தை என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனால் செருப்பைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. அவளுடைய குணம் வேறு. யாருக்கும் எதற்கும் கடமைப்பட்டு நிற்க அவளால் முடியாது. பக்கத்து வீட்டில் அலாவுதீனின் மனைவி சபூரா இருந்தாள். அலாவுதீன் பசாருக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். சபூரா ஏழு வடை அனுப்பினால் மச்சாள் மறுநாள் அதே தட்டில் ஏழு வடை அனுப்புவாள். ஆறும் இல்லை, எட்டும் இல்லை. எட்டு அனுப்பினால் சபூரா கடமைப்பட்டுவிடுவாளாம். அது அதைவிடப் பாவமாம். சபூரா ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்:

“உங்க மச்சாள் வடையெல்லாம் தராசுல வச்சு நிறுத்தாலும் நிறுப்பாங்க லா!”

சாமிக்கும் அதே நியாயம்தான். அவர் பிள்ளையைக் கொடுத்தார். அவள் கோடியைக் கொடுத்துவிட வேண்டும். தாலி ஏறினால் பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளை. அதற்கு முன்னால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும்.

1931 தை மாதம் அருந்ததிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை குலசேகரம் ஈப்போவில் ரயில்வேயில் வேலை பார்த்தார். பெண்ணுக்கு அவரை நன்றாகப் பிடித்திருந்தது. பிடித்தது தெரியக்கூடாது என்று அவள் பட்ட பாடு வேறு கதை. ஆவணியில் முகூர்த்தம். மச்சாள் மீதியைப் பார்த்தாள். பழைய வேகத்தில் போனால் ஆவணி தாண்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு நாலாயிரம் என்று வேகத்தைக் கூட்டினாள். காலையில் எழுதினாள், மத்தியானம் எழுதினாள், குழம்பு கொதிக்கும்போது எழுதினாள். கை வீங்கியது. நான் கத்தினேன். அவள் கேட்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எழுதிக்கொண்டிருந்தபோது பேனா கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. பாரிசவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிப் பேச்சுக் குழறியது. எழுதியதால் வந்ததல்ல, இரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

இரண்டு கிழமை, பதினாலு நாள், கழித்து உயிருக்குப் பயமில்லை என்றானது. அதற்குப் பிறகு அவள் முதலில் கேட்டது அருந்ததியை அல்ல, புருஷனை அல்ல.

“மிச்சம்?” என்றாள்.

அப்புத்துரை அண்ணர் எல்லாக் கொப்பிகளையும் எடுத்துக் கூட்டினார். எழுதியது 92,79,279. மீதி 7,20,721. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.

“நாங்கள் எழுதுறம் மச்சாள்,” என்றேன். “எங்கட சனம் எல்லாம் சேர்ந்து எழுதி முடிப்பம். சாமி கையெழுத்துப் பார்க்கிறதே?”

வேண்டாம் என்று தலையாட்டினாள். நேர்த்தி முடியாவிட்டால் கல்யாணம் நிற்கட்டும் என்றாள். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. கதவுக்குப் பின்னால் அருந்ததி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மூன்று நாள் நானும் என் கணவரும் மாறி மாறிக் கெஞ்சினோம். நாலாம் நாள் இறங்கி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

“சமன்… எல்லாரும் சமன். ஒராளும்… கூடக்கூடாது.”

ஒரு வீட்டார் கூட எழுதிவிட்டால் அந்த வீட்டுக்குத் தான் கடமைப்பட்டுவிடுவாளாம். ஒரே ஒரு ‘சிவ’ கூடினாலும் கூடியதுதானாம். எல்லோரும் ஒரே அளவு எழுதினால் அது ஊர் கொடுத்தது, ஒருத்தர் கொடுத்தது அல்ல. அருந்ததி மட்டும் எழுதக்கூடாது, ஏனென்றால் நேர்த்தி அவளுக்காக வைத்தது. வடைக்கு வடை என்ற அதே குணம்! அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பங்கு போடும் வேலை அப்புத்துரை அண்ணரிடம் போனது. அங்கேதான் வந்தது வினை.

எழுதுவதற்குப் பத்துப் பேர் முன்வந்தார்கள். அவர் 7,20,721ஐப் பத்தால் வகுத்தார். ஒன்று மிஞ்சியது. ஒருவரைக் குறைத்து ஒன்பதால் வகுத்தார். ஒன்று மிஞ்சியது. ஒருவரைக் கூட்டிப் பதினொன்றால் வகுத்தார். அப்போதும் ஒன்று. எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்று இறங்கிப் பார்த்தார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று ஏறிப் பார்த்தார். எங்கே போனாலும் அந்த ஒன்று பின்னாலேயே வந்தது.

தான்தான் பிசகிவிட்டோம் என்று நினைத்தார். மூன்று பேர் தனித்தனியாகப் போட வேண்டும் என்ற கந்தோர் வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, என் கணவரை ஒரு மூலையிலும் என்னை ஒரு மூலையிலும் உட்கார வைத்தார். பதின்மூன்றால் வகுத்து வகுத்து எனக்குத் தலை சுற்றியது. மூவருக்கும் ஒன்றுதான் மிஞ்சியது. பிறகு கொப்பிகளை எல்லாம் திரும்பவும் கூட்டினார். அதே தொகை. பதினேழால் வகுத்தபோது மட்டும் ஆறு மிஞ்சியது; ஒன்று மிஞ்சவில்லையே என்று அதற்கே சந்தோஷப்பட்டார்.

ஐந்தாம் நாள் காலை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் மலர்ந்திருந்தது.

“அகப்பட்டிட்டுது! எழுபத்தொண்டு! எழுபத்தொரு பேர் எண்டால் ஆளுக்குப் பத்தாயிரத்து நூற்று ஐம்பத்தொண்டு. மிச்சமில்லை!”

“எழுபத்தொரு பேருக்கு எங்கை போறது அண்ணை?”

“பினாங்கிலை எங்கட சனம் இல்லையோ?”

இருந்தார்கள்தான். ஆனால் எழுபத்தொரு பேர், அதுவும் எழுதச் சம்மதிக்கிறவர்கள், சைவர்கள், மச்சாளோடு முகம் முறிக்காதவர்கள். அவர் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு புறப்பட்டார். சைக்கிளில் ஆயர் ஈத்தாமுக்குப் போனார். பஸ் பிடித்துப் பாலிக் புலாவுக்குப் போய், சாதிக்காய்த் தோட்டத்துக் கிளாக்கரையும் அவர் மனைவியையும் பிடித்துவந்தார். படகேறி அக்கரைக்குப் போய், நிபோங் திபால் பக்கத்தில் பைராம் தோட்டம் வரை நடந்தார். பட்டியல் அறுபதைத் தொட்டது, அறுபத்தெட்டைத் தொட்டது. ஒருவருக்குக் கிளந்தானுக்கு மாற்றல் வந்தது. இரண்டு வீட்டார் தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டு, அவர்கள் எழுதினால் நாங்கள் எழுத மாட்டோம் என்றார்கள். அறுபத்துமூன்று. பிறகு மறுபடி ஏறி எழுபது.

எழுபத்தொன்றாவது ஆள் கிடைக்கவில்லை. ஒரு கிழமை அலைந்தும் கிடைக்கவில்லை. அதற்குள் பட்டியலில் இருந்தவர்களில் இருவர் உதிர்ந்துவிட்டார்கள். பங்குனியும் முடியப் போகிறது, ஒருவரும் ஒரு வரி எழுதத் தொடங்கவில்லை. அருந்ததி எலும்பும் தோலுமாகிவிட்டாள். ஈப்போவிலிருந்து வந்த கடிதத்துக்குக்கூடப் பதில் எழுதவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அண்ணை, ஆரோ ஒராள் ஒண்டே ஒண்டு கூட எழுதினால் வானம் இடிஞ்சு விழுமோ? நான் எழுதுறன். அவவுக்குச் சொல்லாதையுங்கோ!”

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். கோபமில்லை. களைத்துப்போன மனிதரின் பார்வை.

“அவ பதினேழு வருசம் ஒண்டுகூடக் கள்ளமா எழுதேல்லை பிள்ளை,” என்றார். “நான் எப்பிடி ஒண்டைக் கள்ளமா எழுத விடுறது?”

 இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு மச்சாள் எப்படிக் காலம் தள்ளினாள் என்றும் நினைத்தேன். பிறகு இரண்டு பேரும் நல்ல பொருத்தம்தான் என்றும் நினைத்தேன்.

அருந்ததி அதுவரை அந்தக் கடைசிக் கொப்பியைத் தொடவில்லை. அம்மா விழுந்த நாளில் அது திறந்தபடி கிடந்தது. அப்பா எண்ணிவிட்டு மூடி வைத்தார். அன்று நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு அவள் போய் அதை எடுத்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கொப்பியைத் திட்டத்தான் எடுத்தாள் என்று நினைக்கிறேன். கடைசிப் பக்கத்தைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அப்பா, இஞ்சை வாங்கோ.”

“என்ன?”

“அம்மா இந்த வரியை முடிக்கேல்லை.”

நாங்கள் எட்டிப் பார்த்தோம். இருபத்தேழு வரி நிறைந்திருந்தது. இருபத்தெட்டாவது வரியில் ஒன்பது ‘சிவ’. பத்தாவதுக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது. பேனா விழுந்த இடத்தில் மைக்கறை.

அப்புத்துரை அண்ணர் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே எண்ணியவர்தான். இருபத்தேழு வரி, பிறகு ஒன்பது என்று தாளில் குறித்தவரும் அவர்தான். ஒன்பதைக் கண்டாரே தவிர பத்தாவது இல்லாததைக் காணவில்லை. இப்போது கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். ஒரு துண்டுத் தாளை எடுத்து 7,20,721இலிருந்து ஒன்றைக் கழித்தார். ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது.

பத்தால் வகுத்தார். மீதமில்லை. பதினொன்றால், பன்னிரண்டால், பதின்மூன்றால். மீதமில்லை. ஒன்று முதல் பதினாறு வரை எந்த எண்ணைக் கொண்டுபோனாலும் அது மறுக்காமல் வாங்கிக்கொண்டது. ஐந்து கிழமையாக அந்த மனிதரை நாயாய் அலைய வைத்த எண், ஒன்றைக் கழித்ததும் இப்படிச் சாதுவாகிவிட்டதே! அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு முதலில் சிரித்தார். பிறகு மச்சாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“ஞானம், மிஞ்சின ஒண்டு உம்முடையது. நீர் அரைவாசியிலை விட்ட வரி. அதை நீர்தான் முடிக்க வேணும். மிச்சத்தை நாங்கள் சமனாப் பிரிக்கிறம்.”

 “நான்… கடைசி,” என்றாள் அவள். நீங்கள் எல்லோரும் முடியுங்கள், கோடியாவது ‘சிவ’ என்னுடையதாக இருக்கட்டும் என்று அர்த்தம். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் பழைய ஞானாம்பிகையைப் பார்த்தேன். எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது.

பட்டியலில் இருந்தவர்களில் கிட்ட இருந்த, நம்பிக்கையான பதினாறு பேரை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆளுக்கு நாற்பத்தையாயிரத்து நாற்பத்தைந்து. நாளுக்கு ஐந்நூறு எழுதினால் தொண்ணூறு நாள். தொண்ணூற்றோராம் நாள் நாற்பத்தைந்து எழுதிவிட்டுப் பேனாவை மூடலாம். கொப்பி வாங்க நான் சூலியா தெருவில் சிக்கந்தர் கடைக்குப் போனேன். முப்பத்திரண்டு கொப்பி என்றதும் அவர் எழுந்தே விட்டார்.

“என்னக்கா, வூட்டுல பள்ளிக்கூடம் தொறக்கப் போறீங்களா?”

“ஓம். வாத்தியாரம்மா ஒரு ஆள்தான். வலு கடுமையான ஆள்,” என்றேன்.

சித்திரை வருடப் பிறப்பன்று எழுதத் தொடங்கினோம். எழுதியபோதுதான் மச்சாள் செய்த வேலையின் கனம் தெரிந்தது. இரண்டே எழுத்து. முதல் நூறு இனிக்கும். இருநூறில் கை கடுக்கும். முந்நூறில் ‘சிவ’ என்ற எழுத்தே ஏதோ பூச்சி மாதிரித் தெரியும். நானூறில் சாமியையே திட்டத் தோன்றும். இதை மூன்று மடங்கு, ஒவ்வொரு நாளும், பதினேழு வருடம், ஒருவரிடமும் ஒரு வார்த்தை முறையிடாமல் எழுதியிருக்கிறாள். நான் அவளை எத்தனை தரம் கேலி செய்திருப்பேன்! வெட்கமாக இருந்தது.

சபூரா முஸ்லிம், ‘சிவ’ எழுதக்கூடியவள் அல்ல. ஆனால் அந்த மூன்று மாதமும் வாரத்தில் இரண்டு நாள் கஞ்சியும் கறியும் அனுப்பினாள். தட்டுகள் திரும்பிப் போகவில்லையே என்று மச்சாள் கட்டிலில் கிடந்து தவித்தாள். சபூராவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

“அக்கா, இது கணக்கு இல்லக்கா, சோறு. பேசாம சாப்புடுங்க லா.”

மச்சாள் சாப்பிட்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஆனி முடிவதற்குள் பதினாறு பேரும் முடித்துவிட்டோம். அப்புத்துரை அண்ணர் ஒவ்வொரு கொப்பியையும் மூன்று தரம் எண்ணினார். என் கணவர் ஒரு பக்கத்தில் ஒரு வரி அதிகமாக எழுதியிருந்தார். அண்ணர் அந்த வரியின் பத்தையும் கோடு போட்டு அடிக்க வைத்தார். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதை எழுத வேண்டிய கை தலையணையில் கிடந்தது.

அந்த ஆடி மாதம்தான் எங்களுக்குப் பெரிய சோதனை. கல்யாணக் கடுதாசி அச்சாகி வந்துவிட்டது. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. மச்சாள் ஒரு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பழகினாள். ‘சி’ வந்தது. ‘வ’ வரவில்லை. பிறகு வந்தது. இடது கையாலேயே எழுதிவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னோம். கேட்டாளா? ஒருநாள் சிலேட்டை ஒதுக்கி வைத்துவிட்டாள்.

“இந்தக் கைதான்… துவங்கினது,” என்றாள், வலது கையைப் பார்த்து.

அருந்ததி தினமும் அந்தக் கைக்கு எண்ணெய் தடவி விரல் விரலாகப் பிடித்துவிட்டாள். முதலில் பெருவிரல் அசைந்தது. பத்து நாள் கழித்துச் சுட்டுவிரல். ஒரு கரண்டியைப் பிடித்தாள், போட்டாள். மறுபடி பிடித்தாள். ஆடி கழிய இரண்டு நாள் இருந்தது. ஒரு காலையில் தன்னைக் குளிக்க வார்த்துத் திருநீறு பூசிவிடச் சொன்னாள். மேசையடியில் உட்கார வைத்தோம். அவள் பாதியில் விட்ட அந்தக் கடைசி, 387ஆவது கொப்பியைத் திறந்து வைத்தோம். பதினாறு பேரும் வந்துவிட்டார்கள். கூடத்தில் நிற்க இடமில்லை. வாசலில் சபூரா நின்றாள்.

மச்சாள் இடது கையால் வலது கையைத் தூக்கி மேசையில் வைத்தாள். அருந்ததி பேனாவைக் கொடுத்தாள். விரல்களுக்கு இடையில் அதைச் சொருகிக்கொண்டாள். ‘சி’ தொடங்கியது. கோடு நடுங்கி மேலே போய், மேல் வரியை முட்டி, வளைந்து கீழே இறங்கியது. நிறுத்தினாள். நெற்றியில் வியர்வை.  ‘வ’ தொடங்கியது. அது வரிக்குள் நிற்கவில்லை. ஓரக்கோட்டைத் தாண்டித் தாளின் விளிம்பு வரை போனது. பேனா விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“மிச்சம்?” என்றாள்.

அப்புத்துரை அண்ணர் குனிந்து பார்த்தார். கோணல்மாணலான எழுத்தை வாழ்நாளில் ஏற்றுக்கொள்ளாத மனிதர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு பழக்கத்தை விட முடியாமல் கையில் இருந்த தாளில் கழித்துப் பார்த்தார்.

“பூச்சியம்,” என்றார்.

“இன்னொருக்கா… பாருங்கோ.”

அவர் இன்னொரு தரம் பார்த்தார். “பூச்சியம்தான் ஞானம்,” என்று தாளை மடித்து அவள் கையில் வைத்தார்.

அவள் பெரிய மூச்சு விட்டாள். பதினேழு வருடம் உள்ளே வைத்திருந்த மூச்சு அது என்று எனக்குத் தோன்றியது. பிறகு என்னைப் பார்த்து, வந்தவர்களுக்குத் தேநீர் கொடு என்று சைகை காட்டினாள். நான் அடுப்படிக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் தண்ணீர் வைத்தேன்.

ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. அருந்ததி ஈப்போவுக்குப் போனாள், இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் நடந்து ஏழு வருடமாகிறது. மச்சாளுக்குக் கையும் காலும் முக்கால்வாசி திரும்பிவிட்டன. தேங்காய் துருவுகிறாள், பூ கட்டுகிறாள், என்னோடு சண்டை போடுகிறாள். சபூராவின் தட்டுகளை இப்போது கணக்குப் பார்க்காமல் வெறுமையாகவே திருப்பி அனுப்புகிறாள். ஆனால் பேனாவை மட்டும் தொடுவதில்லை. கடைக்குச் சாமான் வாங்கும் துண்டுச் சீட்டுகூட எழுத மாட்டாள். கேட்டால், “எழுதினது காணும், போதும்,” என்பாள்.

மாதம் ஒருமுறை அருந்ததியின் பதிவுத் தபால் வரும். கையெழுத்துப் போட வேண்டும். மச்சாள் சிரித்துக்கொண்டே இடது பெருவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். போன மாதம் புதிதாக வந்த தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்:

“பாவம், அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாதுங்களா?”